பஞ்சுருட்டான்கள் குடியிருக்கும் கரை

சித்திரையில் காவிரியைப் பார்க்க யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி திறக்க ஜூன் 12 ஆக வேண்டும். அதுவரை டெல்டாவில் ஆறு என்பது மணல்தான். வெயில் மணலில் பட்டு முகத்தில் திரும்பி அடிக்கும். ஆனால் பஞ்சுருட்டானின் வாழ்க்கையை அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மற்ற நாட்களில் மின்கம்பியில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் பச்சைக் குருவியாக மட்டுமே நாம் அதை அறிவோம். பங்குனி முதல் ஆனி வரை அது மண்ணுக்குள் குடும்பம் நடத்துகிறது. அந்தக் குடும்பத்தைத் தேடித்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கி, மலையிறங்கி, மயிலாடுதுறை வரைக்கும் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே வந்தேன்.

நம் பக்கத்தில் எங்கும் காணக் கிடைப்பது பச்சைப் பஞ்சுருட்டான். சில ஊர்களில் கட்டலான் குருவி என்பார்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே நீளம். எடை இருபது கிராமுக்குள் அடங்கிவிடும். உடம்பெல்லாம் இலைப்பச்சை. உச்சந்தலையிலும் பிடரியிலும் செம்பொன் பூசியதுபோல் ஒரு மினுக்கம். தொண்டையில் நீலம், அதன் கீழே கழுத்தை வளைத்து ஒரு கறுப்புக் கோடு. கண்ணை ஊடறுத்து இன்னொரு கறுப்புப் பட்டை. அந்தப் பட்டைக்குள் கண் சிவப்பாக எரியும். அலகு மெலிந்து, கறுத்து, கீழ்நோக்கி வளைந்தது. வாலின் நடுவிலிருந்து இரண்டு இறகுகள் மட்டும் கம்பிபோல் இரண்டங்குலம் நீண்டு நிற்கும். இத்தனை நிறமும் புளியந்தோப்புக்கும் கரும்புக்கொல்லைக்கும் நடுவே தினமும் பறந்துகொண்டிருக்கிறது. நாம்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முதலில் நான் போனது பச்சைப் பஞ்சுருட்டானைப் பார்க்க அல்ல, அதன் பெரிய உறவான நீலவால் பஞ்சுருட்டானைப் பார்க்க. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே நகுவனஹள்ளி என்று ஒரு கிராமம். அங்கே வயல்களை ஒட்டிய மண்மேட்டில் நீலவால் பஞ்சுருட்டான்கள் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இந்தப் பறவை குளிர்கால விருந்தாளி. மார்கழி, தை மாதங்களில் பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காடுகளுக்கு மேலே தும்பி பிடித்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் போய்விடும். முட்டையிட அது தேர்ந்தெடுக்கும் இடங்கள் தென்னாட்டில் மிகச் சில. அவற்றில் ஒன்று இந்த மேடு.

மேடு என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு ஆள் உயரம்கூட இல்லாத மண்சரிவு. சல்லடைபோல் அதில் துளைகள். கன்னடத்தில் இந்தப் பறவைக்குக் கள்ளிபீரா என்று பெயர்; ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லியே வழி காட்டினார்கள். விடிந்து ஒரு நாழிகையில் அவை வரத் தொடங்கின. பச்சை உடம்பு, செம்பழுப்புத் தொண்டை, மோவாயில் மஞ்சள், முதுகின் அடியிலிருந்து வால் முழுக்கப் பளீரென்ற நீலம். உட்கார்ந்திருக்கும்போது அந்த நீலம் அவ்வளவாகத் தெரியாது. மேட்டை நோக்கிச் சரிந்து வந்து, கடைசி நொடியில் சிறகை விரித்து வேகத்தைக் குறைக்கும்போது முழுவதும் தெரியும். வாயில் பெரும்பாலும் தும்பி. பட்டாம்பூச்சியும் கண்டேன்.

பஞ்சுருட்டான் குச்சியோ நாரோ பொறுக்குவதில்லை. வீடு என்பது அதற்கு மண்ணில் ஒரு சுரங்கம். ஆணும் பெண்ணும் சேர்ந்து குடைகின்றன. அலகால் கொத்தி மண்ணை நெகிழ்த்துவது, பிறகு உடம்பை அலகின் மேலும் சிறகு மூட்டுகளின் மேலும் தாங்கிக்கொண்டு, சின்னஞ்சிறு கால்களால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளுவது. துளையின் வாயிலிருந்து மண் விட்டுவிட்டுத் தெறித்து விழுவதைப் பார்த்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சுரங்கம் ஐந்தடி வரைக்கும் போகும். கடைசியில் கொஞ்சம் அகன்று ஓர் அறை. அந்த அறையில் மெத்தை கிடையாது. வெறும் மண்ணில் முட்டை. நாளாக ஆக, பெரியவை கக்கிப்போடும் வண்டுச் சிறகுகளும் பூச்சி ஓடுகளும் நொறுங்கி ஒரு கருந்தரையாகப் படிந்துவிடும். குஞ்சுகள் அதன்மேல்தான் வளர்கின்றன.

நகுவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ரங்கனதிட்டு 1940 முதல் சரணாலயம். பறவையியலாளர் சாலிம் அலி மைசூர் அரசரிடம் எடுத்துச் சொல்லிக் காப்பாற்றிய தீவுகள் அவை. 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. நாரைக்கும் கொக்குக்கும் மரமும் தீவும் வேண்டும்; அதை நாம் புரிந்துகொண்டோம். ஆனால் ஒரு பறவைக்கு வேண்டியது வெறும் மண்சரிவு என்றால் அதைப் புரிந்துகொள்ள நமக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. புல்கூட முளைக்காத ஒரு சரிவைப் பார்த்ததும் அதை வீணான இடம் என்று முடிவு கட்டுகிறோம். கூட்டின் வாசலுக்குப் பத்தடியில் முக்காலி நட்டுப் படம் எடுக்க நின்றவர்களையும் அங்கே கண்டேன். வாயில் இரையோடு பறவைகள் வட்டமிட்டு வட்டமிட்டுத் திரும்பிப்போயின. பறவையை நேசிக்கிறவர்கள்தான் அவர்களும். அதனாலேயே மனம் அதிகம் வலித்தது.

மைசூரிலிருந்து சாமராஜநகர், ஆசனூர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கினேன். மலைக்காடுகளில் பஞ்சுருட்டானின் வேறு இரண்டு உறவுகள் உண்டு. செந்தலைப் பஞ்சுருட்டான் ஒன்று. அதன் அறிவியல் பெயரில் இருப்பவர் லெஷெனோ. புதுச்சேரியில் தாவரவியல் பூங்காவைப் பொறுப்பேற்று நடத்திய பிரெஞ்சுக்காரர். இன்னொன்று நீலத்தாடிப் பஞ்சுருட்டான். பருத்த உடம்பு, தொண்டையிலிருந்து தொங்கும் நீல இறகுகள். கூட்டம் சேராது, தனித்தோ இணையாகவோ அடர்ந்த மரங்களில் ஒதுங்கி இருக்கும். அது மலைத்தேனீயை வேட்டையாடும் விதம் குறித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. மலைத்தேன் அடைக்கு அருகே பறந்து போய்த் தேனீக்களை வேண்டுமென்றே சீண்டும். காவல் தேனீக்கள் துரத்திக்கொண்டு வரும். அடையை விட்டு விலகி வந்த அவற்றை வழியிலேயே பிடித்துத் தின்னும். ஆயிரக்கணக்கான கொடுக்குகள் இருக்கும் கோட்டைக்குள் நுழையாமல், காவலாளிகளை வெளியே வரவழைக்கும் உத்தி அது. அன்று எனக்கு நீலத்தாடியின் கரகரத்த குரல் மட்டும்தான் கேட்டது. பறவை தென்படவில்லை.

பண்ணாரி தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் ஒரு தென்னந்தோப்பில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தோப்பின் வேலிக் கம்பியில் மூன்று பச்சைப் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“அதுக மூணும் தினம் வருமுங்க. இதுக வந்து உக்காந்துட்டா ஈ அத்தனையும் பெட்டிய விட்டு வெளிய வர யோசிக்குதுங்க. நான் என்னத்த பண்றது, சொல்லுங்க” என்றார்.

“விரட்டிவிடுவீங்களா ஐயா?”

“கையத் தட்டி விரட்டுவேனுங்க. கல்லெடுத்து அடிக்கிறதில்ல. கொளவியையும் இதுகதான் தின்னுதுங்க. கொளவி பெட்டிக்குள்ள பூந்தா அந்தப் பெட்டியே போச்சுங்க.”

அவர் சொன்ன இரண்டும் உண்மை. தேனீ வளர்ப்பவர்களுக்கும் பஞ்சுருட்டானுக்கும் இடையிலான பகை உலகம் முழுக்க உள்ளது. பறவை வாசலில் காத்திருந்தால் தேனீக்கள் வேலைக்குப் போவது குறைகிறது. அந்த நட்டம் மெய்யானது. அதே பறவை குளவியைத் தின்கிறது, வண்டைத் தின்கிறது, பறக்கும் எறும்பைத் தின்கிறது. பெட்டி வைத்திருப்பவர் ஒருவர் கைதட்டலோடு நிறுத்திக்கொள்கிறார் என்பதைவிட இந்த வழக்குக்கு நல்ல தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

அந்த வேலியடியில்தான் பஞ்சுருட்டான் ஒரு தேனீயைத் தின்பதை நிதானமாகப் பார்த்தேன். கம்பியை விட்டு எழுந்து, ஒரு வளைவு வளைந்து, காற்றிலேயே பிடித்தது. அலகு மூடும் சின்ன ஓசை கேட்டது. பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்து, தேனீயின் தலையைக் கம்பியில் இடமும் வலமுமாக அடித்தது. பிறகு அலகுக்குள்ளேயே அதைப் புரட்டி, வால்நுனிப் பக்கமாகப் பிடித்து, கம்பியில் அழுத்தித் தேய்த்தது. தேய்க்கத் தேய்க்க விஷம் வெளியேறிவிடும். மறுபடி அடி, மறுபடி தேய்ப்பு, பிறகு ஒரே விழுங்கு. அடுத்து வந்தது ஒரு ஈ. அதற்கு இந்தச் சடங்கெல்லாம் இல்லை. இரண்டு அடி அடித்து விழுங்கிவிட்டது. எது கொட்டும், எது கொட்டாது என்று அதற்குத் தெரிகிறது. நைஜீரியாவில் இருந்த ஹிலரி ஃபிரை என்ற பறவையியலாளர் ஆப்பிரிக்கப் பஞ்சுருட்டான்களிடம் இதையே ஆராய்ந்து 1969இல் எழுதினார். விஷப் பூச்சியை ஒரு விதமாகவும் விஷமற்றதை வேறு விதமாகவும் அவை கையாள்வதை அவர் விளக்கினார். பூச்சியின் ஓடும் சிறகும் செரிக்காது. அவற்றை உருண்டையாக்கிக் கக்கிவிடும். வேலிக்கம்பிக்குக் கீழே தேடினால் அந்த உருண்டைகள் கிடைக்கும். உலர்ந்த உருண்டையை விரலால் உதிர்த்தால் வண்டின் பச்சை மினுக்கு இன்னும் அதில் இருக்கும்.

பவானி, கரூர், திருச்சி எல்லாம் பேருந்து ஜன்னலில் கடந்து போயின. என் பயணத்தின் மையம் கல்லணைக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் இருந்தது.

கொள்ளிடம் காவிரியைப் போலல்ல. காவிரி பாசனத்துக்கான ஆறு. கொள்ளிடம் வெள்ளத்துக்கான ஆறு. அகலம் கண்ணுக்கு அடங்காது. பெருவெள்ளம் போன பிறகு ஆங்காங்கே படுகையின் ஓரம் செங்குத்தாக அறுந்து நிற்கும். மேலே வாழை, கரும்பு, மூங்கில் புதர். கீழே மணல். நடுவில் ஆளுயரத்துக்கு வண்டலும் மணலும் மாறிமாறிப் படிந்த பச்சை மண்சுவர். பயிர்க்காரருக்கு அந்தச் சுவர் ஆறு தின்ற நிலம். பஞ்சுருட்டானுக்கு அதைவிட நல்ல மனை கிடையாது. கீழேயிருந்து நாயும் கீரியும் எளிதில் ஏற முடியாத செங்குத்து. அலகுக்கு நெகிழும் மண். மறைக்கச் செடி இல்லாததால் வரும் பகையைத் தொலைவிலேயே காணலாம்.

நீலவாலைப்போல் பச்சைப் பஞ்சுருட்டான் நெருக்கமாகக் குடியேறுவதில்லை. இங்கே ஒன்று, இருபதடி தள்ளி இன்னொன்று என்று தள்ளித்தள்ளித்தான் துளைகள் இருந்தன. ஒரு துளைக்கு முன்னால் மணலில் நின்றேன். அருகே கருவேல முள்ளில் ஒரு பறவை, வாயில் சின்னத் தும்பி. அது என்னைப் பார்த்தது, துளைக்குப் போகவில்லை. ட்ரீ, ட்ரீ, ட்ரீ என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் நகர்ந்து, கரையின் மடிப்புக்குப் பின்னால் போனேன். அங்கிருந்தும் பறவை எனக்குத் தெரிந்தது, அதற்கும் நான் தெரிந்தேன். துளைதான் எனக்குத் தெரியவில்லை. பறவை நேரே துளைக்குள் போய்விட்டது. திரும்ப முன்பக்கம் வந்து நின்றேன். மறுபடி முள்மரத்தில் காத்திருந்தது.

இதைத்தான் புணேயில் மிலிந்த் வட்வேயும் அவருடைய மாணவர்களும் முறையாகச் சோதித்தார்கள். 1999இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழிலும், 2002இல் விலங்குகளின் அறிவாற்றலைப் பற்றிய ஒரு பன்னாட்டு இதழிலும் அவர்களின் கட்டுரைகள் வந்தன. கூட்டைக் காணக்கூடிய இடத்தில் ஆள் நின்றால் பச்சைப் பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்குகிறது. அதே தொலைவில், ஆனால் கூடு மறைந்திருக்கும் இடத்தில் ஆள் நின்றால் தயக்கம் குறைகிறது. பகைவன் எங்கே இருக்கிறான் என்பதோடு அது நின்றுவிடவில்லை. அவன் நிற்கும் இடத்திலிருந்து என்ன தெரியும் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. இன்னொருவரின் பார்வையில் நின்று உலகத்தைக் காண்பது மனிதக் குழந்தைக்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் கைகூடும். இருபது கிராம் எடையுள்ள ஒரு பறவையிடம் அதன் சாயலாவது இருக்கிறது என்பதைக் கொள்ளிடக் கரையில் நேரில் கண்டபோது, நான் அங்கே நிற்பதே ஒரு குற்றம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு கரையின் மடிப்பைவிட்டு முன்னால் வரவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“என்ன தம்பி, பொந்தப் பாத்துட்டு நிக்கிறீங்க? கையைக் கிய்யை வுட்டுராதீங்க. பாம்பு கெடக்கும்.”

“குருவிக்கூடு ஐயா. பஞ்சுருட்டான்.”

“தெரியும், தெரியும். வருசா வருசம் இதே கரைதான். போன வருசம் அந்தா, அந்த மூங்கக் கொத்துகிட்ட இன்னும் நெறைய இருந்துச்சு. அங்கன மண்ணு எடுத்துட்டாங்க.”

அவர் காட்டிய இடத்தில் கரை இல்லை. லாரி இறங்கி ஏறிய சாய்தளம் மட்டும் இருந்தது.

பாம்பு என்று அவர் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. சுரங்கத்துக்குள் இருக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் பாம்புதான் பெரிய எமன். ஒரு வாசல், தப்ப வேறு வழி கிடையாது. மூன்றிலிருந்து ஐந்து முட்டை வரை இடும். வெள்ளை வெளேரென்று, பளபளப்பாக, ஏறக்குறைய உருண்டையாக இருக்கும். இருட்டறையில் இடும் முட்டைக்குப் புள்ளியும் கோலமும் எதற்கு? முதல் முட்டை இட்ட உடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி உட்காரும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முதல் குஞ்சு, மறுநாள் அடுத்தது, அதற்கு மறுநாள் அடுத்தது. ஒரே அறைக்குள் அண்ணனும் கடைக்குட்டியும் வெவ்வேறு பருமனில் இருப்பார்கள். மழை தவறி, பூச்சி குறைந்த ஆண்டில் முதலில் வாடுவது கடைக்குட்டிதான். இரை பெருகியிருக்கும் ஆண்டில் எல்லாம் பிழைத்துவிடும்.

பொரிந்து வரும் குஞ்சுக்குக் கண் திறந்திருக்காது. உடம்பில் ஒரு மயிர் இருக்காது. ஆனால் குதிகாலில் சொரசொரப்பான தடித்த தோல் இருக்கும். பாறைபோன்ற தரையில், பூச்சி ஓடுகளின்மேல், வாசலை நோக்கி நகர்ந்து வருவதற்காக இயற்கை போட்டுவிட்ட செருப்பு அது. சுரங்கத்துக்குள் வெளிச்சம் மறைந்தால் பெற்றோர் வந்துவிட்டார் என்று பொருள். முன்னால் நிற்பது எதுவோ அதற்கு முதல் வாய். மூன்று, நான்கு வாரம் இப்படிப் போகும். இறகு முளைத்த பின் குஞ்சு துளையின் வாசலுக்கே வந்து தலையை நீட்டும். வெளியேறும் நாட்களில் அதன் எடை முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட செய்தி. சதை வற்றி, இறகு முற்றி, பறக்கத் தயாராகிறது. கரையில் நான் கண்ட ஒரு குஞ்சுக்குக் கழுத்தின் கறுப்புக் கோடு இன்னும் விழவில்லை. வால் கம்பிகளும் இல்லை. ஆனால் அதன் பார்வை அப்போதே கருவேல மரத்தின்மேல்தான் இருந்தது.

சில கூடுகளுக்கு இரண்டுக்கு மேல் பெரிய பறவைகள் இரை கொண்டுவந்தன. பச்சைப் பஞ்சுருட்டானில் இப்படி உதவிக்கு வரும் பறவைகள் உண்டு. இந்தக் கூட்டுக் குடும்ப வழக்கத்தை மிக ஆழமாக ஆராய்ந்தவர் ஸ்டீஃபன் எம்லன். கென்யாவின் நகுரு ஏரிப் பக்கம் வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கூடு இழந்த மகன் பெற்றோரின் கூட்டுக்குத் திரும்பி வந்து தம்பி தங்கைகளுக்கு ஊட்டுவது அங்கே சர்வசாதாரணம். 1992இல் அவரும் அவருடைய சக ஆய்வாளரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் இன்னொன்றையும் சொன்னார்கள். சில அப்பன்கள் மகனின் குடித்தனத்தையே கெடுக்கின்றன. மகன் தன் துணைக்கு இரை ஊட்ட வரும்போது நடுவில் புகுந்து தடுக்கும். மகனின் துளை வாசலில் போய் மறித்து நிற்கும். தொல்லை பொறுக்காமல் மகன் தன் கூட்டைக் கைவிட்டு அப்பன் கூட்டுக்கே வேலைக்கு வந்துவிடும். கென்யப் பறவையின் இந்தக் கதையை நம் பச்சைப் பஞ்சுருட்டானின் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மண்சுவரில் தெரியும் துளைகளுக்குப் பின்னால் எத்தனை சிக்கலான உறவுகள் இருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டிய கீழணை இருக்கும் அணைக்கரையைத் தாண்டி மயிலாடுதுறைக்கு வந்தேன். இந்தப் பறவையைப் பொறுத்தவரை மயிலாடுதுறை முக்கியமான ஊர். பக்கத்தில் மன்னம்பந்தலில் இருக்கும் ஏ.வி.சி. கல்லூரியின் ஆய்வாளர்கள் டெல்டாவின் பச்சைப் பஞ்சுருட்டானைப் பற்றி ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். எங்கே கூடு வைக்கிறது, என்ன தின்கிறது, குஞ்சு எப்படி வளர்கிறது என்று படிப்படியாகப் பதிவு செய்தார்கள். 2003இல் வெளிவந்த கணக்கெடுப்பில் ஆற்றோரத்தில் சதுர கிலோமீட்டருக்கு 157 பறவைகள், வயல்வெளியில் 101, குடியிருப்புகளை ஒட்டி 43 முதல் 58. ஆற்றை விட்டு ஊருக்குள் வரவர எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கண்ணுக்கு எங்கும் தெரிகிற பறவை என்பதால் எங்கும் சமமாக வாழ்கிறது என்று நினைக்க இடமில்லை. அதற்கு ஆற்றின் கரை வேண்டும்.

பூம்புகார் சாலையில் ஒரு மாலை. பொழுது சாய்வதற்கு முன் பஞ்சுருட்டான்கள் மண்சாலையில் இறங்கிப் புழுதியில் புரண்டு குளித்தன. வெயில் மங்க மங்க ஒரு பெரிய வேம்பை நோக்கி நாலா பக்கமிருந்தும் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். திடுமென்று எல்லாம் எழுந்து மரத்தைச் சுற்றும். மறுபடி வந்து அமரும். கூடு வைக்காத காலத்தில் ஒரே மரத்தில் இருநூறு, முந்நூறு பறவைகள்கூடத் தங்குவதுண்டு. இருட்டும்போது ஒரு கிளையில் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளி இல்லாமல் வரிசையாக அடங்கின. மறுநாள் விடிந்த பிறகும் அவற்றுக்கு அவசரமில்லை. காக்கையும் மைனாவும் ஊரைச் சுற்றி வந்துவிட்ட நேரத்தில், வெயில் நன்றாக ஏறிய பின்னும், சில பஞ்சுருட்டான்கள் முதுகிறகில் அலகைச் செருகிக்கொண்டு கம்பியில் தோளோடு தோள் உரசித் தூங்கிக்கொண்டிருந்தன. பூச்சி பறக்க வெயில் வேண்டும். அதுவரை எழுந்து என்ன செய்ய?

இந்தப் பறவை அழியும் பட்டியலில் இல்லை. அதைக் காரணம் காட்டி யாரும் ஒரு மணல் குவாரியை நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் நான் கடந்து வந்த வழி நெடுக நடந்துகொண்டிருந்தது ஒரே காரியம்தான். செங்கல் சூளைக்குக் கரைமண்; வீட்டுக்கு ஆற்றுமணல்; மிச்சமிருக்கும் கரைக்குக் கருங்கல் பதிப்பு, வாய்க்கால்களுக்குக் கான்கிரீட் பூச்சு. வெள்ளம் தடுக்கவும் தண்ணீர் கடைமடை போய்ச் சேரவும் அந்தப் பூச்சு தேவைப்படும் இடங்கள் உண்டு. அதை மறுக்க நான் யாரும் இல்லை. ஆற்றின் இரு கரையும் முழுநீளமும் கல்லாகிவிட்டால், அலகைத் தவிர வேறு கருவி இல்லாத ஒரு பறவை எங்கே போய்க் குடையும் என்ற கேள்வியையும் யாராவது திட்டம் தீட்டும் மேசையில் வைக்க வேண்டும். இதே மண்ணில் சின்ன மீன்கொத்தியும் வெண்மார்பு மீன்கொத்தியும்கூடத் துளையிட்டுத்தான் வாழ்கின்றன.

செய்ய முடியாத காரியமும் இல்லை. தைவானின் கின்மென் தீவில் நீலவால் பஞ்சுருட்டான் கோடையில் வந்து கூடு வைக்கும். அங்கே பறவை வருமுன் மண்மேட்டின் முகத்தில் வளர்ந்த செடிகொடிகளை அகற்றி, புதுமண் தெரியச் செதுக்கி வைக்கிறார்கள். செடி மூடாத, அலகுக்கு இளகும் மண் இருக்கும் கரையையே அவை விரும்பித் தேர்வதை அங்கே நடந்த ஆய்வு காட்டியது. ஒரு மண்வெட்டியும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

உங்கள் ஊர் ஆற்றங்கரையிலோ, குளத்து உடைப்பிலோ, கிணறு வெட்டிப் போட்ட மண்மேட்டிலோ பங்குனி, சித்திரையில் இரண்டு விரல் அகலத் துளைகளைக் கண்டால் சற்றுத் தள்ளி, மறைவாக நின்று பாருங்கள். பச்சைப் பறவை ஒன்று வாயில் பூச்சியோடு வந்து போனால், மண் எடுப்பவரிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் ஆனி முடியும்வரை தொடாமல் விடட்டும். மண் வேண்டுமென்றால் குஞ்சுகள் பறந்த பிறகு, ஆடியில் எடுத்துக்கொள்ளலாம்.